டர்ட்டிக்கு அழுக்கு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்

கேள்வி இது. ஆங்கிலத் தொடர்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதும் வேலையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், ஒரே வாரத்தில் மூன்று வரிகளுக்குத் திருத்தம் வாங்கியிருக்கிறார். 'ஷீ கேவ் மீ எ டர்ட்டி லுக்' என்ற வரிக்கு 'அவள் என்னை ஆபாசமாகப் பார்த்தாள்' என்று எழுதினாராம். செடி வைக்கிற காட்சியில் வரும் 'புட் சம் மோர் டர்ட் இன் த பாட்' என்பதற்கு 'தொட்டியில் இன்னும் கொஞ்சம் அழுக்கைப் போடு'. மூன்றாவது, நண்பன் ஒருவன் இன்னொருவனிடம் குமுறுவது: 'யூ டிட் த டர்ட்டி ஆன் மீ'. அதற்கு 'நீ என்னை அழுக்காக்கிவிட்டாய்'. மூன்றும் சிவப்பு அடித்துத் திரும்பி வந்திருக்கின்றன. 'அகராதியில் டர்ட்டி என்றால் அழுக்கு என்றுதானே போட்டிருக்கிறது? இதற்கு எத்தனை அர்த்தம்தான் உண்டு?' என்று கேட்கிறார்.

அகராதி பொய் சொல்லவில்லை. ஆனால் டர்ட்டி போகிற வீட்டுக்குத் தக்கபடி குணம் மாறுகிற சொல். துணியோடு சேர்ந்தால் அழுக்கு, பணத்தோடு சேர்ந்தால் குற்றம், பார்வையோடு சேர்ந்தால் கோபம், ஜோக்கோடு சேர்ந்தால் ஆபாசம், டேட்டாபேஸோடு சேர்ந்தால் 'இன்னும் முடிவாகாதது'. அதனால் இந்தச் சொல் வந்தால் நான் முதலில் பார்ப்பது அதற்கு அடுத்து நிற்கிற சொல்லைத்தான். தமிழில் எழுத வேண்டியது பெரும்பாலும் அந்தப் பக்கத்துச் சொல்லிலிருந்துதான் கிடைக்கும்.

உங்களுக்கு ஆறுதலாக என் கதையைச் சொல்கிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் சேர்ந்த புதிது. கூட்டணிச் சண்டை பற்றி ஒரு தலைவர் ஆங்கிலத்தில் பேசியிருந்தார். கட்சிகள் தங்கள் 'டர்ட்டி லினனை' வெளியே துவைக்கக் கூடாது என்று. நான் அப்படியே 'அழுக்குத் துணிகளைப் பொது இடத்தில் துவைக்கக் கூடாது: தலைவர் வேண்டுகோள்' என்று தலைப்பு போட்டுக் கொடுத்தேன். மூத்த உதவி ஆசிரியர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "ஏன்ப்பா, படித்துறையில போர்டு வைக்கப் போறாங்களா?" என்றார். அறையே சிரித்தது. அன்றைக்குத் தலைப்பு மாறியது: 'கூட்டணிச் சண்டையைச் சந்திக்கு இழுக்காதீர்கள்'.

அவர் கேட்டதில் கேலியை விடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. துணி துவைப்பது நமக்கு எந்தக் காலத்திலும் ரகசியக் காரியம் இல்லை. ஆற்றங்கரையிலும் குளத்துப் படித்துறையிலும் தெருக்குழாயடியிலும் ஊரே பார்க்கத் துவைத்து, ஊரே பார்க்கக் காய வைத்தவர்கள் நாம். சென்னையின் வண்ணாரப்பேட்டைக்குப் பெயரே கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் அங்கே குடியிருந்ததால் வந்தது. ஆகவே பொது இடத்தில் அழுக்குத் துணி என்றால் தமிழ் வாசகருக்குக் கூச்சம் தட்டாது. நமக்குக் கூச்சம் இருக்கிற இடம் வேறு. குடும்பம் சந்தி சிரிக்கும், நாலு பேர் நாக்கு மேல் பல்லுப் போட்டுப் பேசுவார்கள், மானம் கப்பலேறும். தன் வீட்டுக் குற்றத்தைத் தானே வெளியில் சொல்லித் தானே அசிங்கப்படுகிறவனைக் குறிக்க, 'மல்லாந்து படுத்துக்கொண்டு எச்சில் துப்புவது' என்று இன்னும் கூர்மையாக ஒன்று வைத்திருக்கிறோம். ஆங்கிலத்துக்கு அந்தத் துணிகள் பிரெஞ்சிலிருந்து வந்தவை. அழுக்குத் துணியைக் குடும்பத்துக்குள்ளேயே துவைக்க வேண்டும் என்று நெப்போலியன் சொன்னதாக ஒரு வழக்கு உண்டு. பிரிட்டன்காரர் 'லினன்' என்பார், அமெரிக்கர் 'லாண்டரி' என்பார், பொருள் ஒன்றுதான்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? பழைய நார்ஸ் மொழியில் 'ட்ரிட்' என்றால் மலம். வைக்கிங்குகளோடு இங்கிலாந்துக்கு வந்த சொற்களில் அதுவும் ஒன்று. பிறகு ஆங்கிலேயர் வாயில் எழுத்து இடம் மாறி 'டர்ட்' ஆனது. 'பிரிட்' என்றிருந்த பறவை 'பேர்ட்' ஆனதும் இதே வழிதான். நம் ஊரில் தசை சதையானது, சிவிறி விசிறியானது, மதுரை சிலர் வாயில் மருதை ஆனது எல்லாம் நினைத்துப் பார்த்தால் புரியும். ஆக, பிறப்பில் டர்ட் ரொம்பவே நாற்றமடிக்கிற சொல். குழந்தை டிரௌசரில் போய்விட்டால் 'அசிங்கம் பண்ணிட்டான்' என்று நம் வீட்டில் சொல்கிறோமே, அந்த அசிங்கம்தான் டர்ட்டின் பூர்வீகம்.

இதில் ஒரு வேடிக்கை. மலம் என்ற சொல்லே நம்மிடம் அழுக்கு என்ற பொருளில் மேலே ஏறி, சைவ சித்தாந்தத்தில் ஆன்மாவைப் பற்றியிருக்கும் ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. விமலா, நிர்மலா, அமலா என்று பெண் குழந்தைகளுக்குப் பெயர் வைக்கிறோம். மூன்றுக்கும் பொருள் அழுக்கற்றவள். இன்னொரு பக்கம், மாட்டுச் சாணத்தைக் கரைத்து வாசல் தெளித்தால் அது அழுக்கே இல்லை, சுத்தம். பிரிட்டிஷ் மானுடவியலாளர் மேரி டக்ளஸ் 1966-இல் அழுக்கு பற்றி எழுதியபோது ஒரு பழைய ஆங்கிலச் சொலவடையைக் கையில் எடுத்துக்கொண்டார்: அழுக்கு என்பது இடம் மாறிக் கிடக்கும் பொருள். சோறு இலையில் இருந்தால் உணவு, சட்டையில் இருந்தால் அழுக்கு. முடி தலையில் இருந்தால் அழகு, சாம்பாரில் இருந்தால் சண்டை.

உங்கள் இரண்டாவது வரி, அதாவது தொட்டிச் செடி, இந்த இடத்தில்தான் வருகிறது. அமெரிக்கர்கள் டர்ட்டின் நாற்றத்தை ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். அவர்கள் பேச்சில் டர்ட் என்றால் சாதாரண மண். தொட்டியில் போடுவது டர்ட், குழந்தை தோண்டி விளையாடுவது டர்ட், தார் போடாத சாலை 'டர்ட் ரோட்', அதில் புழுதி பறக்க ஓட்டுவது 'டர்ட் பைக்'. பிரிட்டன்காரர் தோட்டத்து மண்ணை 'சாயில்' அல்லது 'எர்த்' என்பார். ஆகவே அமெரிக்கப் பாத்திரம் பேசினால் முதல் சந்தேகம் மண்ணாக இருக்கட்டும். 'தொட்டியில இன்னும் கொஞ்சம் மண்ணு போடு.' அவ்வளவுதான். கூடவே ஒன்று: 'சாயில்' என்ற பெயர்ச்சொல்லும், அழுக்காக்குவது என்ற பொருளில் வரும் 'சாயில்' என்ற வினையும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வேர் வேறு. 'சாயில்டு நோட்' என்று ரிசர்வ் வங்கி சொல்வது அந்த இரண்டாவது. பஸ் கண்டக்டர் திருப்பித் தருகிற, மடித்து மடித்துக் கறுத்த பத்து ரூபாய்.

மண் என்ற அர்த்தத்திலிருந்து கிளைத்த வழக்குகள் பல உண்டு. 'டர்ட் சீப்' என்றால் மண்ணைப் போல மலிவு. நம்மிடம் கொள்ளை மலிவு இருக்கிறது, சல்லிசு இருக்கிறது. 'அடிமாட்டு விலை' என்றும் எழுதலாம், ஆனால் பார்த்து எழுதுங்கள். அடிமாட்டு விலையில் விற்கிறவனின் கஷ்டமும் ஒட்டிக்கொண்டிருக்கும், டர்ட் சீப்பில் வாங்குகிறவனின் மகிழ்ச்சி மட்டும்தான். 'டர்ட் புவர்' என்றால் வறுமையிலும் வறுமை. பழைய காலத்து ஏழை வீடுகளுக்கு மண் தரை, அதனால் இந்தப் பெயர் என்று ஒரு கதை 1999-இலிருந்து மின்னஞ்சலில் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1500-களின் வாழ்க்கை என்று ஆரம்பிக்கும் அந்தக் கடிதத்தை நம்பாதீர்கள். இது 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சொல். அதற்கு நான் எழுதுவது அன்றாடங்காய்ச்சி, அல்லது 'சோத்துக்கே சிங்கி'.

'பே டர்ட்' என்பதை மட்டும் நின்று பார்க்க வேண்டும். 1848-இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்ததும் ஊர் ஊராகக் கிளம்பிப் போய் ஆற்று மணலைத் தட்டில் அள்ளி அலசினார்களே, அவர்கள் காலத்துச் சொல். அலசுகிற கூலிக்குக் கட்டுப்படியாகிற அளவு பொன்துகள் உள்ள மண்தான் 'பே டர்ட்'. இன்றைக்கு ஒரு பத்திரிகையாளர் மாதக்கணக்கில் ஆவணங்களைப் புரட்டி ஒருநாள் 'ஹிட் பே டர்ட்' என்றால், தேடியது சிக்கிவிட்டது என்று பொருள். 'அதிர்ஷ்டம் அடித்தது' என்று எழுதினால் அவருடைய உழைப்பு போய்விடும். 'தோண்டினது வீண் போகல' என்று எழுதிப் பாருங்கள், மண்ணும் இருக்கும்.

மண் என்றதும் நம்மவர்கள் ஒரு குழியில் விழுவார்கள். 'ஈட் டர்ட்' என்றால் அவமானத்தைப் பொறுத்து விழுங்குவது. நம் 'மண்ணைக் கவ்வுவது' தோற்பது, அதற்குச் சரியான ஜோடி ஆங்கிலத்தின் 'பைட் த டஸ்ட்'. 'வாயில் மண்ணைப் போடுவது' பிழைப்பைக் கெடுப்பது. 'மண்ணை வாரித் தூற்றுவது' சாபம். எல்லாவற்றிலும் மண் இருக்கிறது, எதுவும் எதற்கும் மாற்று இல்லை. 'ட்ரீட் லைக் டர்ட்' என்பதற்கு 'செருப்பு மாதிரி நடத்துறாங்க', 'நாயை விடக் கேவலமா' என்று எழுதலாம். கால் தூசியை அங்கே கொண்டுவராதீர்கள். 'உங்க கால் தூசிக்கு நான் ஆவேனா' என்பது தமிழில் பணிவு.

இனி உங்கள் முதல் வரி. 'டர்ட்டி லுக்' என்றால் முறைப்பு. 'அவ என்னை ஒரு முறை முறைச்சா பாரு' என்று எழுதினால் முடிந்தது. இதில் எந்த ஆபாசமும் கிடையாது. எரிச்சல், வெறுப்பு, 'உன்னை அப்புறம் பார்த்துக்கிறேன்' எல்லாம் உண்டு. நீங்கள் ஆபாசம் என்று எழுதியதற்குக் காரணம் புரிகிறது. 'டர்ட்டி மைண்ட்', 'டர்ட்டி ஜோக்', 'டர்ட்டி ஓல்டு மேன்' மூன்றிலும் டர்ட்டி பாலியல் வாடையோடு வருகிறது. அதே நூலைப் பிடித்துப் போனால் லுக்கும் அங்கேதான் போகும் என்று நினைத்திருப்பீர்கள். நல்ல ஊகம், தப்பான ஊர். அந்த மாதிரிப் பார்வைக்கு ஆங்கிலத்தில் 'லீர்' என்று தனிச் சொல் இருக்கிறது. நம்மிடம் ஜொள்ளு இருக்கிறது. 'டர்ட்டி ஓல்டு மேன்' என்றால் 'ஜொள்ளுக் கிழவன்'. சென்னைத் தெருவில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம்.

ஜோக்குக்கு வருவோம். டர்ட்டி ஜோக்கை ஆங்கிலேயர் 'ப்ளூ' என்றும் சொல்வார்கள். ஸ்பானிய மொழியில் அது பச்சை, 'சிஸ்தே வெர்தே'. தமிழிலும் பச்சை! 'பச்சை பச்சையாப் பேசுறான்' என்கிறோம். ஸ்பெயினுக்கும் திருநெல்வேலிக்கும் எப்படி ஒரே நிறம் வாய்த்ததோ. நீலப் படம் என்பது மட்டும் ஆங்கிலத்திலிருந்து இறக்குமதி. மஞ்சள் பத்திரிகை இன்னும் விநோதம்: ஆங்கிலத்தில் 'எல்லோ ஜர்னலிசம்' என்றால் பரபரப்புக்காக ஊதிப் பெருக்கும் செய்தி, அது நம் ஊருக்கு வந்ததும் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிற பத்திரிகையாகிவிட்டது.

'டர்ட்டி வேர்ட்' இரண்டு வகை. நேரடியாக வந்தால் கெட்ட வார்த்தை. 'இன் திஸ் ஆபீஸ், லீவ் இஸ் எ டர்ட்டி வேர்ட்' என்று வந்தால், கெட்ட வார்த்தை என்று எழுதினாலும் ஓரளவு நிற்கும். ஆனால் 'இங்க லீவுன்னு வாயெடுத்தாலே காதைப் பொத்திக்குவாங்க' என்றால்தான் அது தமிழர் பேசியதாக இருக்கும்.

பணத்தில்தான் பத்திரிகைகளே தடுமாறுகின்றன. 'டர்ட்டி மணி' கறுப்புப் பணம் அல்ல. கறுப்புப் பணம் கணக்கில் காட்டாத பணம். நியாயமாகச் சம்பாதித்து வரி கட்டாமல் பரணில் வைத்தாலும் அது கறுப்புதான். டர்ட்டி மணி என்றால் சம்பாதித்த வழியே குற்றம்: போதைப்பொருள், லஞ்சம், ஆள்கடத்தல். அதை வெளுத்து நல்ல பணமாகக் காட்டுவது 'மணி லாண்டரிங்'. இந்தியாவில் 2002-இல் வந்த சட்டத்தைத் தமிழ்ச் செய்திகள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் என்று எழுதுகின்றன. பொருள் தெளிவு, ஆனால் துணி, சோப்பு, துவைகல் எதுவும் அதில் இல்லை. இலங்கையில் 'பணம் தூயதாக்கல்' என்று வைத்தார்கள். துவைக்கிற வாசனை அதில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. 'சலவைப் பணம்' என்று எழுதலாமே என்று ஒரு நண்பர் வாதாடினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மொய் எழுதும்போது 'சலவை நோட்டா இருந்தா குடுங்க' என்று வங்கியில் கேட்டு வாங்குகிற ஊர் இது. நமக்குச் சலவை நோட்டு என்றால் மடிப்பு விழாத புது நோட்டு, மங்கலம்.

பணத்துக்கு 'ஃபில்த்தி' என்ற அக்காள் சொல்லும் வரும். 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், திமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில், 'ஃபில்த்தி லூக்கர்' என்று இருக்கிறது. நம் பழைய தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் அழுக்கைத் தேடவே இல்லை. 'இழிவான ஆதாயம்' என்று போட்டது. மொழிபெயர்ப்பு கற்றுக்கொள்கிற எல்லோருக்கும் இந்த ஒரு சொல்லைக் காட்டுவேன். ஆங்கிலம் அழுக்கு என்று திட்டுகிற இடத்தில் தமிழ் உயரத்தைப் பார்க்கிறது: இழிவு, கீழ்த்தரம், கேவலம், மட்டமான வேலை. எல்லாமே கீழே இருப்பவை. பாதி நேரம் டர்ட்டியின் தமிழ் இந்தப் படிக்கட்டில்தான் கிடைக்கும். அதற்காக நம்மிடம் அழுக்கு ஒழுக்கத்தின் பக்கம் போகவே இல்லை என்று அர்த்தமில்லை. பொறாமைக்கு வள்ளுவர் அழுக்காறு என்று பெயர் சொல்லி, அழுக்காறாமை என்று ஒரு அதிகாரமே வைத்தார். 'மனசுல அழுக்கு' என்று இன்றைக்கும் சொல்கிறோம். ஆனால் 'அழுக்குத் தந்திரம்' என்று யாரும் சொல்வதில்லை.

தந்திரத்துக்கு வேறு நல்ல சொல் இருக்கிறது. 'ப்ளே டர்ட்டி' என்றால் அழுகுணி ஆட்டம். தெருவில் கிரிக்கெட் ஆடிய எவருக்கும் இதைவிட நெருங்கிய தமிழ் தேவையில்லை. அவுட் ஆகியும் பேட்டைக் கொடுக்காமல் நிற்கிறானே, அவன் ஆடுவது அழுகுணி ஆட்டம். சென்னைப் பையன்கள் போங்கு என்பார்கள். ஆனால் ஆள் வளர்ந்து கட்சிக்குப் போனபின் செய்வதற்குப் போங்கு போதாது. 1972 அமெரிக்க அதிபர் தேர்தலில் நிக்சனுக்காக வேலை செய்த டொனால்டு செக்ரெட்டி, எதிர்க்கட்சி வேட்பாளர்கள் எழுதியதுபோலப் பொய்க் கடிதங்களைப் பரப்பினார்; பிற்பாடு குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். 'டர்ட்டி ட்ரிக்ஸ்' என்று அமெரிக்கர் சொன்னால் நினைவுக்கு வருவது இந்த மாதிரி வேலை. 'உள்ளடி வேலை', 'கீழறுப்பு' என்று எழுதுங்கள். 'டிக் அப் டர்ட்' என்றால் எதிராளியின் பழைய குப்பையைக் கிளறுவது. கிளறியதை வெளியே விட்டால் அவன் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிடும். 'டிஷ் த டர்ட்' அந்த அளவுக்குப் போகாத ஊர்வம்பு. 'மட் ஸ்லிங்கிங்' மட்டும் அதிசயமாக அப்படியே பொருந்தும்: சேற்றை வாரி இறைப்பது.

ஆனால் மறைப்பதில் இரண்டு மொழிக்கும் வீடு வேறு. ஆங்கிலேயர் அழுக்கைக் கம்பளத்துக்கு அடியில் தள்ளுவார். நமக்குக் கம்பளம் ஏது? மண் தரையில் விரிசல் விட்டால் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசி மெழுகிவிடுவோம். ஆகவே 'பூசி மெழுகுறாங்க'.

'டர்ட்டி வார்' என்று வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை ராணுவம் ஆண்ட காலத்தில் ஆயிரக்கணக்கானோர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமல்போனார்கள். அரசு அமைத்த ஆணையம் 1984-இல் 8,961 பேரைப் பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 30,000. பிள்ளைகளைத் தேடிய தாய்மார்கள் 1977 முதல் பியூனஸ் அயர்ஸின் மே சதுக்கத்தில் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு வியாழன்தோறும் சுற்றி நடந்தார்கள். இந்தக் காலத்துக்கு அந்த ராணுவ ஆட்சியாளர்களே புழங்கவிட்ட பெயர் 'டர்ட்டி வார்'. அர்ஜென்டினாவில் பலர் இந்தப் பெயரையே ஏற்பதில்லை. போர் என்றால் இரண்டு பக்கமும் படை இருந்ததாக ஆகிவிடும், நடந்தது அரச பயங்கரவாதம் என்கிறார்கள். இங்கே டர்ட்டி என்ற சொல் திட்டுவதுபோல வந்து, குற்றத்தைப் 'போர்' என்று வெளுத்துக் கொடுக்கிறது. 'அழுக்குப் போர்' என்று தமிழில் எழுதினால் ஹோலிப் பண்டிகை மாதிரி இருக்கும். 'அரசு தன் மக்கள்மேலேயே நடத்திய வேட்டை' என்று நீட்டி எழுதினாலும் பரவாயில்லை.

'டர்ட்டி பாம்' இன்னொரு குழி. சாதாரண வெடிமருந்தோடு கதிரியக்கப் பொருளைச் சேர்த்து வெடிக்க வைப்பது, அணுகுண்டு அல்ல. 2022 அக்டோபரில் உக்ரைன் இதைத் தயாரிக்கிறது என்று ரஷ்யா குற்றம்சாட்டியபோது சொல் எல்லா மொழிக்கும் பரவியது. 'அழுக்கு குண்டு' என்றால் கூவம் தண்ணீரை அடைத்த பலூன் நினைவுக்கு வரும். கதிரியக்கக் குண்டு என்று எழுதிவிடுங்கள்.

கை பற்றிச் சொல்ல வேண்டும், இது இரட்டை வேடம் போடுகிற வழக்கு. 'கெட் யுவர் ஹேண்ட்ஸ் டர்ட்டி' ஒரு இடத்தில் பாராட்டு: மேஜையில் உட்கார்ந்து உத்தரவு போடாமல் இறங்கி வேலை பார்க்கிற மேலாளர். தமிழில் அதற்குக் கை அழுக்காகாது, கால் அழுக்காகும். சேற்றில் கால் வைத்தால்தான் சோற்றில் கை வைக்க முடியும் என்கிற விவசாய ஊர். இறங்க மறுக்கிறவனுக்கு 'சட்டை கசங்காமல் வேலை பார்க்கிறான்', 'நோகாமல் நுங்கு தின்கிறான்' என்று இருக்கவே இருக்கிறது. இன்னொரு இடத்தில் அதே ஆங்கில வரி பழிச்சொல்: ஊழலில் கை நனைத்தவன். அங்கே நம் மேடைப் பேச்சின் 'கறைபடிந்த கரங்கள்' கச்சிதம். 'கை சுத்தம்' என்றால் பணத்தில் நேர்மை. வேலைக்கு ஆள் வைக்கும்போது 'கை சுத்தமா?' என்று கேட்டால் சோப்பைப் பற்றி யாரும் பேசவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். 'டூயிங் ஸம்படிஸ் டர்ட்டி வொர்க்' என்றால், பழி தன்மேல் விழாமல் அடுத்தவனை ஏவிவிடுகிறவனுக்காகச் செய்யும் வேலை. அதற்கு அடியாள் வேலை.

'டர்ட்டி ஜாப்' அதிலிருந்து வேறு. சாக்கடை, கசாப்பு, சுரங்கம் மாதிரி உடம்பில் அழுக்குப் படும் தொழில். ஜப்பானில் கித்தனாய், கிக்கேன், கித்சுய் என்ற மூன்று சொற்களை வைத்து '3 கே' என்பதுதான் ஆங்கிலத்தில் '3 டி' ஆனது: அழுக்கு, ஆபத்து, கடினம். சிங்கப்பூரில் நம்மவர்கள் பலர் பார்க்கிற கட்டுமான வேலை இதில் சேரும். இங்கே 'அசிங்கமான வேலை' என்று எழுதிவிடாதீர்கள். அழுக்கு உடம்பில் ஒட்டுவது, குளித்தால் போகும். அசிங்கம் ஆளின்மேல் ஒட்டுவது. தமிழ்நாட்டு அரசு துப்புரவுப் பணியாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. கூலியும் கையுறையும் அந்த வேகத்தில் மாறவில்லை என்பது வேறு விஷயம்.

திட்டே இல்லாத டர்ட்டியும் உண்டு. ஐ.டி. ஆட்கள் பேசும் 'டர்ட்டி' அப்படிப்பட்டது. கணினியின் நினைவகத்தில் ஒரு பக்கம் மாறிவிட்டது, ஆனால் டிஸ்கில் இன்னும் எழுதவில்லை என்றால் அது 'டர்ட்டி பேஜ்'. மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளை துண்டுச்சீட்டில் குறித்துவிட்டு இன்னும் பேரேட்டில் ஏற்றாத கணக்கு மாதிரி. 'டர்ட்டி ரீட்' அந்தத் துண்டுச்சீட்டை இன்னொருவர் எட்டிப் பார்ப்பது. உங்கள் கணக்கில் 10,000 ரூபாய். ஒரு பரிவர்த்தனை 8,000 எடுக்கத் தொடங்கி இன்னும் முடியவில்லை. அதற்குள் வேறொன்று வந்து மீதி 2,000 என்று படித்துவிட்டது. முதலாவது பாதியில் ரத்தானால் பணம் மறுபடி 10,000. ஆனால் இரண்டாவதன் கையில் இருக்கும் 2,000 எந்தக் காலத்திலும் உண்மையாக இருந்ததே இல்லை. இங்கே டர்ட்டிக்குப் 'பேரேறாத' என்று எழுத எனக்கு ஆசை, யாரும் கேட்கவில்லை.

பங்குச்சந்தைக்காரர்களின் 'டர்ட்டி பிரைஸ்' இதைவிடச் சாது. 100 ரூபாய் கடன் பத்திரத்துக்கு வருஷ வட்டி 8 ரூபாய் என்றால், கடைசி வட்டி கொடுத்து மூன்று மாதத்தில் 2 ரூபாய் சேர்ந்திருக்கும். பத்திரத்தின் விலை 101 என்றால் அது 'க்ளீன்', சேர்ந்த வட்டியோடு 103 என்றால் 'டர்ட்டி'. 'குவிக் அண்ட் டர்ட்டி' என்றால் அவசரத்துக்கு ஒப்பேற்றுவது. 'டர்ட்டி சாய்' என்றால் மசாலா டீயில் ஒரு ஷாட் காபி, 'டர்ட்டி மார்ட்டினி' என்றால் ஆலிவ் ஊறிய உப்புநீர் கலந்தது. தெளிந்தது கலங்கியதற்கு அந்தப் பெயர். பிரிட்டன்காரர் 'எ டர்ட்டி கிரேட் ஸ்பைடர்' என்றால் சிலந்தி குளிக்கவில்லை என்பதல்ல, இம்மாம்பெரிய சிலந்தி.

இலக்கணமும் ஒரு வாய். டர்ட் எண்ண முடியாத பெயர்ச்சொல், 'டர்ட்ஸ்' கிடையாது. உண்மையான அழுக்கைப் பற்றியே வரி வந்தாலும் அழுக்கு என்ற ஒரே சொல்லோடு நிற்காதீர்கள். ஆங்கிலத்தின் 'க்ரைம்' (grime, குற்றம் என்கிற க்ரைம் அல்ல), அதாவது ஊறிப்போன எண்ணெய்க் கறுப்பு, நம் அடுப்படிச் சுவரின் பிசுக்கு. தலையில் என்றால் சிக்கு, கண்ணில் பீளை, காதில் குறும்பி, பல்லில் ஊத்தை, மூலையில் ஒட்டடை, எண்ணெய்ப் பாத்திரத்தின் அடியில் கசடு. யாழ்ப்பாணத்துப் பாத்திரம் என்றால் உடுப்பே ஊத்தைதான்: 'ஊத்தை உடுப்போட கட்டில்ல ஏறாத'. இந்த விஷயத்தில் ஆங்கிலம் நம்மிடம் கடன் கேட்க வேண்டும்.

மிச்சம் உங்கள் மூன்றாவது வரி. 'டூ த டர்ட்டி ஆன் ஸம்படி' பிரிட்டிஷ் பேச்சு; நம்பினவனுக்கு மோசம் செய்வது. 'நீ எனக்குத் துரோகம் செய்துவிட்டாய்' என்றால் பொருள் சரி, வாய் தப்பு. அது ராஜா வேஷம் கட்டினவர் பேசுகிற வரி. காட்சியில் இரண்டு பேரும் எப்படிப்பட்டவர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றாகப் படித்து, ஒன்றாகக் கடை வைத்து, அதில் ஒருவன் பங்கைச் சுருட்டியிருந்தால், 'முதுகுல குத்திட்டியேடா'. விஷயம் அவ்வளவு பெரிதில்லை, மேலதிகாரியிடம் போட்டுக்கொடுத்தான் என்கிற அளவுதான் என்றால், 'எனக்கே ஆப்பு வெச்சுட்டல்ல?' இரண்டாவதில் கேள்விக்குறியை விட்டுவிடாதீர்கள். அந்த நடிகர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறாரா என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.